அம்மான் வீட்டுக் கணினி: விண்டோஸா, லினக்ஸா?

கானாடுகாத்தானில் அம்மான் வீட்டுக் கணினி 2014-ல் வாங்கியது. நான்காம் தலைமுறை ஐ3, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. முகப்பில் பொத்தானை அமுக்கிவிட்டு, வளவைத் தாண்டி இரண்டாங்கட்டுக்குப் போய்க் காப்பி வாங்கிக்கொண்டு வந்தால் அப்போதுதான் திரை தெளிந்திருக்கும். செட்டிநாட்டு வீட்டின் நீளம் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு நேரம் என்று புரியும்.

2025 தீபாவளிக்கு ஆறு நாள் முன்பு, அக்டோபர் 14-ல், விண்டோஸ் 10-க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. "தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கவா, இல்ல நீ ஏதோ சொல்றியே, அதைப் போடவா?" என்றார் அம்மான். நான் சொல்லிக்கொண்டிருந்தது லினக்ஸை, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பீங்கான் தூக்குச்சட்டிக்குக் கூட விலை வைப்பார்கள். பழைய கணினிக்கு இரும்புக் கடை எடைதான்.

முதல் வழி, எதையும் தொடாமல் விடுவது. அக்டோபர் 15 காலையிலும் கணினி ஓடத்தான் செய்தது. ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் ஓட்டைகளை அடைக்க இனி ஆள் இல்லை. தனிநபர்களுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் தருவதாக அறிவித்தார்கள். அதற்கு மைக்ரோசாஃப்ட் கணக்கில் பதிந்துகொள்ள வேண்டும். யோசிக்க அவகாசம் வேண்டுமென்றால் சரி. பேங்க் வேலை பார்க்கும் கணினியை அதற்கு மேலும் அப்படியே ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இரண்டாவது, விண்டோஸ் 11-ஐ வம்படியாக ஏற்றுவது. முறைப்படி அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறைக்கு மேல் இருக்க வேண்டும். ரூஃபஸ் என்ற இலவசக் கருவியால் இந்தச் சோதனைகளைத் தாண்டிவிடலாம்; நானும் ஒரு கணினியில் செய்து பார்த்தேன், ஏறியது. ஆனால் ஒவ்வொரு பெரிய பதிப்பு வரும்போதும் மறுபடி அதே வித்தையைக் கையால் காட்ட வேண்டியிருக்கலாம். 4 ஜிபி ராமில் அது மூச்சு வாங்குவதைப் பார்க்கவே பாவமாக இருக்கும். தானே சரிசெய்யத் தெரிந்தவர் செய்துகொள்ளட்டும். அம்மானுக்குப் போட்டுக் கொடுத்தால் ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் எனக்குத்தான் வரும்.

லினக்ஸ் பக்கம் போகும் முன் ஒரு விஷயம். இந்தக் கணினியின் மந்தத்துக்குப் பெரிய காரணம் விண்டோஸ் இல்லை, சுழலும் ஹார்டு டிஸ்க். அதைக் கழற்றி ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் தட்டில்லாத, வேகமான சேமிப்பகம்) மாட்டி, ராமை 8 ஜிபி ஆக்கினால் எந்த வழியில் போனாலும் பாதிக் குறை தீரும். அதைச் செய்யாமல் லினக்ஸ் போட்டுவிட்டு "இதுவும் மெதுவாத்தான் இருக்கு" என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

லினக்ஸ் புதுப் பண்டமும் இல்லை. 2011 முதல் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் என்ற இந்திய லினக்ஸும் சேர்ந்தே வந்தது. திறந்து பார்த்தவர்கள்தான் குறைவு. இப்போது அம்மானுக்காக நான் எடை போட்ட லினக்ஸ் வகைகள் மூன்று. உபுண்டு கனமானது. அதில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவி ஸ்னாப் என்ற, தேவையானதையெல்லாம் சேர்த்துக் கட்டிய பொதி வடிவில் வருவதால் பழைய கணினியில் முதல் தடவை திறக்கத் தாமதமாகும். லுபுண்டு நல்ல இலகு, ஆனால் 24.04 பதிப்புக்கு 2027 ஏப்ரல் வரைதான் ஆதரவு. லினக்ஸ் மின்ட் 22-ன் எக்ஸ்எஃப்சிஇ (இலகுவான திரை அமைப்பு) பதிப்புக்கு 2029 வரை உண்டு. கீழே இடது மூலையில் மெனு, ஓரத்தில் கடிகாரம் என்று விண்டோஸ் பழகிய கைக்கு எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். லுபுண்டு மிச்சப்படுத்தும் சில நூறு எம்பியை யூடியூப் ஒரே டேபில் தின்றுவிடும். ஆகவே மின்ட்.

உண்மையான சோதனை தமிழில்தான் வந்தது. அம்மான் நகரத்தாரின் கோயிலான நகரக் கோயில் கணக்கில் கை கொடுப்பவர். புள்ளி வரிக்கான (குடும்பக் கணக்கில் வாங்கும் கோயில் வரி) பட்டியல் இருபது வருடமாக, யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் கிடக்கிறது. அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸில் நகலெடுத்துப் போட்டதும் பட்டியல் ஒழுங்காகத் தெரிந்தது. அப்புறம், எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிட்டேன். லதா எழுத்துருவில் இருந்த கடிதங்கள்தான் படுத்தின. லதா விண்டோஸோடு வருவது. லினக்ஸில் வேர்டின் வேலையைச் செய்யும் லிப்ரே ஆஃபீஸ் அதற்குப் பதில் வேறு எழுத்துருவைப் போட, ஒரு பக்கக் கடிதம் ஒன்றே கால் பக்கம் ஆனது. நோட்டோ என்ற இலவச எழுத்துருவுக்கு மாற்றி வரிகளைச் சரிக்கட்ட ஒரு சாயங்காலம் போயிற்று. தட்டச்சில் தொல்லை இல்லை. ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவியில் தமிழ்99 விசைப்பலகையும் உண்டு, பழைய தட்டச்சுப் பொறி விசைப்பலகையும் உண்டு. அம்மான் இரண்டாவதில் பழகியவர். பத்து நிமிடத்தில் அடிக்க ஆரம்பித்துவிட்டார். மெனுக்களையும் தமிழில் வைத்துக் கொடுத்தேன். "இதுக்கு அந்த இங்கிலீஷே தேவலைப்பா" என்றார். மாற்றிவிட்டேன்.

பிரிண்டரை முன்கூட்டியே சோதித்தாக வேண்டும். எச்பி தன் பிரிண்டர்களுக்கு லினக்ஸ் மென்பொருளைத் தானே வெளியிடுகிறது. அம்மானுடையது அந்த வகை, செருகியதும் ஓடியது. சில பழைய லேசர் பிரிண்டர்களோ தனி டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) கேட்டு உயிரை வாங்கும். மின்டைப் பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலேயே ஓட விட்டு பிரிண்டர், வைஃபை, ஒலி, கேமரா நான்கையும் பார்த்துவிடலாம். வைஃபை கிடைக்கவில்லையென்றால் போனை யூஎஸ்பியில் இணைத்து இணையம் எடுத்து டிரைவரை இறக்கிக்கொள்ளலாம்.

இதே யோசனையோடு காரைக்குடியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் நண்பரும் வந்தார். அவருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர் கணக்கு முழுக்க டேலி என்ற கணக்கு மென்பொருளில். அது விண்டோஸுக்கென்று எழுதப்பட்டது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் மூலம் ஓட்டிப் பார்க்கலாம்தான். ஆனால் மாதம் 20-ம் தேதி ஜிஎஸ்டி தாக்கல் செய்ய வேண்டிய நேரத்தில் அது முரண்டு பிடித்தால்? டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் தனித் தலைவலி. எஸ்எஸ்டி மாட்டி, நீட்டித்த திருத்தங்களுக்குப் பதிந்து, அந்த ஒரு வருடத்துக்குள் புதுக் கணினிக்குப் பணம் ஒதுக்கச் சொன்னேன்.

ஒரே டிஸ்கில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வைக்கலாம். ஆனால் கணினிக் கடிகாரத்தில் விண்டோஸ் உள்ளூர் நேரத்தை எழுதும், லினக்ஸ் உலகப் பொது நேரமாக எடுத்துக்கொள்ளும். மாறி மாறித் திறந்தால் நேரம் ஐந்தரை மணி தள்ளி நிற்கும். ஒரு கட்டளையில் சரியாகும் விஷயம்தான், ஆனால் அம்மானுக்கு அதெல்லாம் எதற்கு? எஸ்எஸ்டியில் மின்டை மட்டும் போட்டேன். கழற்றிய ஹார்டு டிஸ்க்கை அழிக்காமல், விண்டோஸும் கோப்புகளும் இருந்தபடியே துணியில் சுற்றிக் கொடுத்தேன். பிடிக்காவிட்டால் இரண்டு கேபிளை மாற்றிச் செருகினால் பழைய கணினி திரும்பி வந்துவிடும். அம்மான் அதைப் பெட்டகத்தில் வைத்துப் பூட்டியிருக்கிறார்.