பாக், கிருதி, மல்லாரி: எங்கள் நடனக் குழுவின் புதிய சீசனுக்கு எது பொருந்தும்?

ராயபுரத்தில் ஒரு பள்ளியின் கூடத்தை மாலை ஆறு மணிக்கு மேல் வாடகைக்கு எடுத்து ஒத்திகை பார்க்கும் எட்டுப் பேர் கொண்ட நவீன நடனக் குழு ஒன்றில், ஒளியமைப்பையும் வரவு செலவையும் நான் கவனித்து வருகிறேன். இதுவரை கணினியில் கோத்த ஒலிகளுக்கே ஆடி வந்த நாங்கள், வரும் சீசனை முழுக்கச் செவ்வியல் இசையில் அமைப்பது என்று தீர்மானித்தபோது மூன்று யோசனைகள் எழுந்தன. முதலாவது, ஐரோப்பிய இசையமைப்பாளர் பாக், இரண்டு வயலின்களுக்கும் வாத்தியக் குழுவுக்குமாக இயற்றிய இரட்டை வயலின் கன்செர்ட்டோவை ஒலிப்பதிவிலிருந்து ஒலிக்கவிட்டு ஆடுவது. இரண்டாவது, திருவொற்றியூர் அம்மன் மீது தியாகராஜர் பாடிய ஐந்து கிருதிகளை மேடையிலேயே பாட வைத்து ஆடுவது. மூன்றாவது, சுவாமி புறப்பாட்டில் நாகஸ்வரமும் தவிலும் வாசிக்கும் மல்லாரிக்கு ஆடுவது.

இவற்றில் எது நம்முடையது, எது அந்நியம் என்ற கேள்வியைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட வேண்டும் என்பது என் கருத்து. இன்று சுத்திகரிப்பு ஆலையின் புகைபோக்கிகளால் அறியப்படும் மணலியில்தான், முதலியார் குடும்பத்தின் ஆதரவில், முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதரின் குடும்பம் வாழ்ந்தது. ஆங்கிலேயரின் புனித ஜார்ஜ் கோட்டையின் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த மெட்டுகளைக் கேட்டு முத்துசுவாமி தீட்சிதர் சமஸ்கிருத வரிகள் அமைத்ததும், அவருடைய தம்பி பாலுசுவாமி ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றுக் கர்நாடக இசைக்கு அதைப் பழக்கியதும் அந்தக் காலத்தில்தான். ஆங்கிலேய மன்னர் வாழ்த்தின் மெட்டில் அமைந்த ‘சந்ததம் பாஹிமாம்’ நோட்டுஸ்வரங்கள் எனப்படும் அந்தப் பாடல்களில் ஒன்று. எங்கள் குழுவில் ஒருவர் நான்காவது யோசனையாக அவற்றையே முன்வைத்தார். ஒவ்வொன்றும் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடுவதாலும், பாட்டு வகுப்புப் பிள்ளைகளின் குரல் நம் காதில் அழியாமல் ஒட்டிக்கொண்டிருப்பதாலும், அது நீடிக்கவில்லை.

பாக்கின் டி மைனர் இரட்டை வயலின் கன்செர்ட்டோ நவீன நடனத்துக்குப் புதிதல்ல. 1941-இல் பாலே அமைப்பாளர் ஜார்ஜ் பாலன்ஷைன் அதன் மூன்று பகுதிகளையும் கதையே இல்லாத பாலே ஒன்றுக்குப் பயன்படுத்தினார். 1975-இல் அமெரிக்க நவீன நடன அமைப்பாளர் பால் டெய்லர், அதன் கடைசி இரண்டு பகுதிகளையும் பாக்கின் இன்னொரு வயலின் கன்செர்ட்டோவையும் சேர்த்து ‘எஸ்பிளனேட்’ என்ற படைப்பை உருவாக்கினார்; நடப்பது, ஓடுவது, சறுக்குவது, விழுவது ஆகிய அன்றாட அசைவுகளைத் தவிர அதில் நடன அடவு என்று சொல்லத்தக்கது எதுவும் இல்லை. பேருந்தைப் பிடிக்க ஓடிய ஒரு பெண்ணைப் பார்த்ததில்தான் அந்தப் படைப்புக்கான பொறி கிடைத்தது என்பார்கள். தினமும் பிராட்வேயில் பேருந்துக்குப் பின்னால் ஓடும் எங்களுக்கு, எஸ்பிளனேட் என்ற பெயரைக் கேட்டதும் உயர்நீதிமன்றத்து எதிர்ச்சாரி நினைவுக்கு வந்து சிரிப்பு வந்தது உண்மை.

இந்த இசையின் பெரும் பலம், அதில் சொல் இல்லாததும், அதன் கட்டுமானம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குத் தெளிவாக இருப்பதும்தான். மெதுவான நடுப்பகுதியில் இரண்டாம் வயலின் முதலில் தொடங்க, முதல் வயலின் அதே வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருகிறது. இரண்டு ஆட்டக்காரர்களை நிறுத்தி, ஒருவர் செய்ததை மற்றவர் சற்றுத் தாமதமாகச் செய்தால் போதும், பாதி வேலை முடிந்தது. பன்னிரண்டு எண்ணிக்கை கொண்ட அதன் தாளத்தைக் கண்டு முதலில் எல்லோரும் மிரண்டார்கள். பரதம் பயின்ற ஒருவர், தரையில் உட்கார்ந்து தொடையைத் தட்டிக்கொண்டே, ‘தகிட தகிட தகிட தகிட’ என்று சொல்லிக் காட்டியதும், நான்கு திஸ்ரம், அதாவது நான்கு மும்மூன்று, என்று பிடிபட்டு, அரை மணி நேரத்தில் எட்டுப் பேரும் ஒரே மூச்சில் நடந்தார்கள்.

அந்த இலகுவிலேயே குறையும் இருக்கிறது. ஒலிப்பதிவு யாருக்காகவும் நிற்பதில்லை. கீழே விழுந்து எழும் ஒருவருக்கு ஒரு கணம் கூடுதலாகத் தேவைப்பட்டால், இசை அவரை விட்டுவிட்டுப் போய்விடுகிறது. மூன்றாவது வாரத்தில் ஆட்டக்காரர்கள் இசையைக் கேட்பதை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கியதை நானே பார்த்தேன். அமெரிக்க நடன அமைப்பாளர் மார்க் மாரிஸ் தம் படைப்புகளுக்கு நேரடி இசையே வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பதன் நியாயம் அப்போதுதான் எனக்கு விளங்கியது. கணக்குப் பார்ப்பவன் என்ற முறையில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: பாக்கின் இசைக்கு உரிமைத் தொகை கிடையாது என்றாலும், அதை வாசித்தவர்களின் ஒலிப்பதிவுக்கு இந்தியச் சட்டப்படி வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை உண்டு. ஆகவே, இலவசம் என்று நினைத்து மேடையேற்றிவிட முடியாது.

கிருதிகளுக்கு வருவோம். தியாகராஜர் தம் சீடர் வீணை குப்பய்யரின் ஊரான திருவொற்றியூருக்கு வந்தபோது வடிவுடையம்மன் மீது பாடியவை என்று போற்றப்படும் இந்த ஐந்தும், கல்யாணி, பேகடா, ஆரபி, சுத்த சாவேரி, சாவேரி ஆகிய ராகங்களில் அமைந்தவை. எங்கள் கூடத்திலிருந்து அந்தக் கோயிலுக்குக் கடற்கரைச் சாலை வழியே அதிக நேரம் ஆகாது என்பதால், உள்ளூர்ப் பெருமை இந்த யோசனைக்கு ஆரம்பத்தில் நிறைய வாக்குகளைத் தேடித் தந்தது. இசையாகப் பார்த்தாலும், இவற்றில் ஒன்றான ‘தாரினி தெலுசுகொண்டி’யில் ஒரே வரி, மெட்டு மாறி மாறி, சங்கதிக்குச் சங்கதி விரிந்து செல்வது, ஓர் அசைவை எடுத்துப் படிப்படியாக வளர்க்கும் நடன அமைப்பாளருக்கு வாய்ப்பான இடம்.

ஆனால் ஒத்திகையில் வேறு ஒன்று நடந்தது. பாடகி ‘சுந்தரி’ என்று எடுத்ததும், பரதம் கற்றவர்களின் கண்ணும் கையும் தாமாகவே அம்மனின் வடிவத்தைக் காட்டப் போயின. பரதம் கல்லாதவர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் பின்வரிசைக்கு நகர்ந்தார்கள். சொல் இருக்கும் இடத்தில் அபிநயம் தானாக வந்து அமர்ந்துகொள்கிறது; அதை மறுத்து ஆடினால், பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் மனஸ்தாபம் போலத் தோன்றுகிறது. இதே சென்னையில் 2001-இல் நடன அமைப்பாளர் சந்திரலேகா தம் ‘சரீரா’ படைப்பை வட இந்திய துருபத் இசைக்கு அமைத்தபோது, அந்த இசையின் நிதானத்தையே உடலுக்கான வெளியாக ஆக்கிக்கொண்டார். கிருதி அப்படி வெளி விடாது என்று நான் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு சீசன் போதாது.

மல்லாரியைப் பற்றி எனக்கு முதலில் நம்பிக்கை இருக்கவில்லை. சுவாமி புறப்பாட்டுக்குக் கம்பீர நாட்டையில் வாசிக்கப்படும் இந்த உருப்படிக்குச் சாகித்தியம், அதாவது பாடல் வரி, கிடையாது. ஒரே வாக்கியத்தை வெவ்வேறு காலங்களில், அதாவது வேகங்களில், வாசித்து வளர்ப்பதே அதன் முறை. அதாவது, பாக்கிடம் நாங்கள் விரும்பிய சொல்லின்மையும் தெளிவான கட்டுமானமும் இதிலும் உண்டு. ஒலிப்பதிவில் கிடைக்காத ஆளும் எதிரே உண்டு. மாசிப் பெருவிழாவில் சுவாமியைச் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிகள் தோளில் பாரத்துடன் முன்னும் பின்னும் அசைந்து வருவதைக் கண்டவர்களுக்கு, இந்த இசை நடப்பதற்காகவே பிறந்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. டெய்லர் பேருந்து நிறுத்தத்தில் கண்டெடுத்ததை நாங்கள் மாடவீதியில் கண்டெடுக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தவில் வித்வான் ஒருவரை அழைத்து முயன்று பார்த்தோம். அவர் வலக்கை விரல்களில் ஒவ்வொன்றாகக் கூடுகளை மாட்டிக்கொண்டு, இடக்கைக் குச்சியால் தவிலின் இடப்பக்கமான தொப்பியை இருமுறை தட்டிவிட்டு, எங்கள் நடன அமைப்பாளரிடம், “தம்பி, நான் உங்க காலுக்கு வாசிக்கணுமா, இல்ல என் கைக்கு நீங்க ஆடப்போறீங்களா?” என்று கேட்டார். யாரிடமும் பதில் இல்லை. முதல் காலம் ஓடியது. விழுந்த பையன் எழத் தாமதித்தபோது அவர் தீர்மானம் என்னும் முடிப்புச் சொல்லை இன்னொரு முறை சுற்றி வந்து, அவன் நிமிர்ந்த கணத்தில் முடித்தார்.

இடர்கள் இல்லாமல் இல்லை. திறந்த வெளிக்கென்றே அமைந்த வாத்தியங்கள் இவை. தகரக் கூரை போட்ட எங்கள் கூடத்தில் இரண்டு தவில் சேர்ந்தால் காது அடைத்துவிடும். இரண்டு நாகஸ்வரம், இரண்டு தவில், தாளம் என்று ஐந்து பேருக்கு ஒவ்வொரு ஒத்திகைக்கும் சம்பாவனை கொடுப்பது, மூன்று யோசனைகளிலும் அதிகச் செலவு பிடிப்பது. சபாக்களில் தொடக்க நாள் மங்கல இசையோடு பெரும்பாலும் நிறுத்திவிடப்படும் நாகஸ்வரக்காரர்களை, ஒத்திகைக்கு மட்டும் குறைந்த தொகைக்கு வரச் சொல்வது முறையும் ஆகாது.

ஆகவே குழுவிடம் நான் கொடுத்த குறிப்பில், முதல் பாதியை மல்லாரிக்கும், இரண்டாம் பாதியில் பாக்கின் மெதுவான நடுப்பகுதி ஒன்றை மட்டும் உரிமம் பெற்ற ஒலிப்பதிவுக்கும் ஒதுக்கி, கிருதிகளை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கும்படி எழுதியிருக்கிறேன். மிச்சமாகும் தொகையில் மேடை ஒத்திகைகள் நான்கை மட்டுமே தவில்காரர்களுடன் வைத்துக்கொள்ள முடியும். மற்ற நாட்களில் ஆட்டக்காரர்கள் ‘தகிட’ போன்ற தாளச் சொற்களான சொல்லுக்கட்டை வாயால் சொல்லித்தான் பழக வேண்டும். நேற்று மாலை கூடத்துக்குப் போனபோது, கதவுக்கு வெளியிலேயே அந்தச் சத்தம் கேட்டது.