மந்திரத்தின் விலையை யார் கொடுக்கிறார்கள்?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், முன்பு பால்மரம் என்னும் ரப்பர் மரமும் இப்போது எண்ணெய்தரும் செம்பனையும் சூழ்ந்திருக்கும் எங்கள் குடியிருப்பில், சனிக்கிழமை மாலைகளில் இடைநிலைப்பள்ளி மாணவர்களுடன் சேர்ந்து கதை எழுதிப் பழகுகிறோம். அண்மையில் மாணவர்கள் எழுதிய இரண்டு மிகுபுனைவுக் கதைகளை அடுத்தடுத்து வாசித்தோம். ஒன்றில், மழையை வரவழைக்கும் சிறுவன் ஒவ்வொரு முறையும் தன் நினைவுகளில் ஒன்றை இழக்கிறான். மற்றொன்றில், நோய் தீர்க்கும் பெண் அந்த நோயை வேறு யாருக்கோ மாற்றிவிடுகிறாள். இரண்டில் எந்த மந்திர முறை சிறந்தது என்று கேட்டார்கள். அன்று நான் சொன்ன பதில் எனக்கே போதவில்லை.

மந்திரம் போடுபவரே விலையைக் கொடுக்கும் முறைதான் பெரும்பாலான வாசகர்களுக்குப் பிடிக்கிறது. 2001 முதல் 2010 வரை வெளிவந்த ‘ஃபுல்மெட்டல் ஆல்கெமிஸ்ட்’ என்னும் ஜப்பானியச் சித்திரத் தொடரில், இறந்த தாயை மீட்க முயலும் சகோதரர்களில் இளையவன் உடல் முழுவதையும் இழக்கிறான்; மூத்தவன் ஒரு காலை இழந்த பிறகும், தம்பியின் உயிரை ஓர் இரும்புக் கவசத்தில் பிணைப்பதற்காகத் தன் கையையும் கொடுக்கிறான். படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது. ஆயினும் அங்கே சோதிக்கப்படுவது பெரும்பாலும் துணிவுதான். தன்னுடையதைத் தானே கொடுப்பவனிடம் ‘இதைக் கொடுக்க உனக்கு என்ன உரிமை’ என்று யாரும் கேட்கப்போவதில்லை. அந்தத் தொடரும் இதை உணர்ந்தே எழுதப்பட்டது: இழந்த உடலை மீட்கச் சகோதரர்கள் தேடி அலையும் கல் மனித உயிர்களால் ஆனது என்று தெரியவரும்போதுதான் கதை உண்மையில் கடினமாகிறது.

நம் சிலப்பதிகாரம் இந்த இடத்தை வெகு முன்பே தொட்டுவிட்டது. கண்ணகி தன் இடமுலையைத் திருகி மதுரையின்மேல் எறிகிறாள். விலை அவள் உடலிலிருந்தே போகிறது. ஆனால் எரிவது ஊர். அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுவிட்டுத் தீயவரிடமே செல் என்று அவள் தீக்கடவுளுக்குக் கட்டளையிடுவதை, பிறருக்கும் இந்த விலையில் பங்கு விழும் என்று இளங்கோவடிகள் அறிந்து வைத்த வேலியாகவே நான் வாசிக்கிறேன். அந்த வேலியும் போதவில்லை. பாண்டிய நாட்டில் மழை பொய்த்து நோய் பரவியபோது, கொற்கையிலிருந்த பாண்டியன் வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டுச் சாந்தி செய்தான் என்கிறது அந்தக் காப்பியத்தின் முன்பகுதியான உரைபெறு கட்டுரை. பொய் சொன்னவன் ஒரே ஒரு பொற்கொல்லன். அந்த ஆயிரவரில் ஒருவருடைய பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை.

பிறர் விலை கொடுக்கும் முறையில் எழுத்தாளர்கள் வழுக்கும் இடம் இதுவே. 2005இல் வெளிவந்த ஆறாவது ஹாரி பாட்டர் நூலில், கொலை செய்பவனின் ஆன்மா கிழிகிறது என்றும், கிழிந்த துண்டை ஒரு பொருளில் ஒளித்துச் சாவைத் தள்ளிவைக்கலாம் என்றும் விளக்கப்படுகிறது. வலுவான கற்பனைதான். ஆனால் அந்த விதியில் சேதம் எழுதப்படுவது கொன்றவனின் கணக்கில்; கொல்லப்பட்டவர் ஒரு மூலப்பொருளாகச் சுருங்கிவிடுகிறார். எங்கள் மாணவியின் கதையில் வந்த ‘வேறு யாருக்கோ’ என்ற சொல்லிலும் இதே குறை இருந்தது.

மூன்றாவது முறையில் விலை உலகத்தின்மேலோ வருங்காலத்தின்மேலோ விழுகிறது. 1968இல் வெளியான, உர்சுலா லெ குவினின் ‘எர்த்சீ’ நாவல் வரிசையின் முதல் நூலில், ஒரு தீவில் வரவழைக்கும் மழை இன்னொரு தீவில் வறட்சியாகலாம் என்று மந்திரம் பயிலும் மாணவர்களுக்குக் கற்பிக்கிறார்கள். இதை விளங்கவைக்க, ரப்பர் மரப்பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் பால்வெட்டைவிட நல்ல உதாரணம் எனக்கு இல்லை. பால் சுரப்பது பட்டையில். அதிலும் மரத்தை ஒட்டிய உள்பட்டையில்தான் அதிகம். ஆகவே உளி எவ்வளவு ஆழமாக இறங்குகிறதோ அவ்வளவு பால் வரும். ஆனால் ஒரு மயிரிழை தவறி உளி மரத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் காயப்பட்டு, புதிதாக வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். அதிகம் வெட்டியவருக்கு அன்றே தராசில் எடை கூடும். முடிச்சில் உளி சறுக்குவதோ, பல ஆண்டுகள் கழித்து அதே மரத்துக்கு வரும் இன்னொருவர் கையில். என் பாட்டி பழைய மரங்களைத் தடவிப் பார்த்தே, முன்பு வெட்டியவர் அவசரக்காரரா நிதானமானவரா என்று சொல்லிவிடுவார். இந்த முறையின் அழகும் ஆபத்தும் தொலைவில் இருக்கின்றன. விலை கொடுப்பவர் பக்கத்தில் இல்லாததால் வாசகர் அவரை எளிதில் மறந்துவிடுவார்.

எனவே என் தேர்வு இரண்டாவது முறைதான், விலை கொடுப்பவர் முகத்தோடு கதைக்குள் வருவாரானால். சிறுவனின் மழைக்கதை நேர்த்தியானது. ஆயினும் அறக்கேள்வி நோய்தீர்க்கும் பெண்ணிடமே இருக்கிறது. இதைச் சொன்னபோது அந்த மாணவி, “அப்படின்னா அவ கெட்டவளாயிடுவாளே, அக்கா” என்று தயங்கினாள். கெட்டவளா என்பதை நீயும் நானும் முடிவு செய்ய வேண்டாம், நோய் போய்ச் சேரும் வீட்டை மட்டும் எழுது என்றேன்.

சென்ற வாரம் திருத்தி எடுத்து வந்தாள். இப்போது நோய் போய்ச் சேர்வது தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளான அடுத்த லயத்தில், விடியுமுன் பெரட்டு என்னும் ஆள்கணக்கெடுப்புக்கு எழும் ஒரு தாயிடம். மருத்துவம் பார்த்த பெண் மறுநாள் காலையில் வாளியோடு குழாயடிக்கு வருகிறாள். அந்த வீட்டில் மட்டும் விளக்கு எரியவில்லை.