காதுப் பூஞ்சை: நுண்ணோக்கியா, வளர்ப்புச் சோதனையா?

வெளிக்காதில் எடுத்த கசடைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் இட்டு நுண்ணோக்கியில் பார்த்தால், பூஞ்சை இழைகளோ மொட்டுவிடும் ஈஸ்ட் செல்களோ உள்ளனவா என்பது சிறிது நேரத்திலேயே தெரிந்துவிடும். கறுப்புப் புள்ளிகளோடு வரும் வழக்கமான ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சைத் தொற்றுக்குச் சிகிச்சை தொடங்கப் பெரும்பாலும் இதுவே போதும். ஆனால் எந்த இனம் என்பதை அது உறுதியாகச் சொல்லாது.

பூஞ்சை வளர்க்கப் பயன்படும் சபூரோ ஊடகத்தில் வளர்த்துப் பார்க்கச் சில நாள் முதல் சில வாரம் வரை ஆகும் என்றாலும், அரிய பூஞ்சைகளுக்கு அந்தக் காத்திருப்பு தகும். டோக்கியோவில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து பிரிக்கப்பட்டு 2009-இல் விவரிக்கப்பட்ட கேண்டிடா ஆரிஸ் என்ற ஈஸ்ட் வகைப் பூஞ்சையை, உயிர்வேதிச் சோதனைகள் கேண்டிடா ஹீமுலோனி என்று தவறாகக் காட்டக்கூடும் என்பதால், வளர்த்த பிறகும் மரபணு வரிசையோ, புரதங்களின் நிறையை அளந்து இனம் காணும் மால்டி-டாஃப் பரிசோதனையோ தேவைப்படுகிறது. மருந்துக்கு அடங்காத காதில், குறிப்பாக நீரிழிவு உள்ளவரிடம், வளர்ப்புச் சோதனையைத் தள்ளிப்போடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.