சைடு வீலைக் கழற்றி மூன்று வருடம்

மகளுக்கு நாலு வயதானபோது 14 இஞ்ச் சைக்கிள் எடுத்தோம். கடையில், "வளர்ற பிள்ளைங்க, 16 எடுத்துக்கங்க, ரெண்டு வருஷம் கூட ஓடும்" என்றார்கள். சீட்டில் உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படவேண்டும் என்று பிடிவாதமாகச் சின்னதையே எடுத்தேன். அதில் இன்றுவரை வருத்தமில்லை. கூடவே கொடுத்த சைடு வீலை மாட்டியதுதான் தப்பு.

மூன்றாவது வாரமே தெரிந்துவிட்டது. எங்கள் தெருவில் சிமெண்ட் பெயர்ந்து பள்ளமான ஓர் இடம் உண்டு. சைடு வீல் இரண்டும் இருபுறத்து மேட்டில் ஏறிக்கொள்ள, நடுவில் பின்சக்கரம் அந்தரத்தில் நின்றது. பயந்து பின் பிரேக்கைப் பிடித்தாள். சக்கரம் நின்றது, சைக்கிள் நிற்கவில்லை. எதிர்வீட்டு கேட்டில் மோதி முழங்கை கிழிந்தது. வளைவிலும் இதே தொல்லை. சைக்கிள் உள்பக்கம் சாயத்தான் வேண்டும். சைடு வீல் சாயவிடாது, பிள்ளை உடம்பை வெளிப்பக்கம் தள்ளிப் பழகிவிடுகிறது.

காலால் உந்தி முதலில் பேலன்ஸ் பழகட்டும் என்று மறுநாளே சைடு வீலோடு பெடலையும் கழற்றினேன். 15 நம்பர் ஸ்பேனர் போதும். இடது பெடலுக்கு மட்டும் மரை தலைகீழ். கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும், மாற்றித் திருப்பினால் இன்னும் இறுகும். 1817-ல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் ஓட்டிய, சைக்கிளுக்கு முன்னோடியான வண்டிக்கே பெடல் கிடையாது, காலால் உந்தித்தான் போனார்.

முதல் வாரம் வெறும் நடைதான். மூன்றாவது வாரம் வேப்பமரத்திலிருந்து எங்கள் வாசல்வரை காலைத் தூக்கிக்கொண்டே வந்தாள். "அம்மா, சைக்கிள் தானா நிக்குது!" என்று கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. குறையும் உண்டு: பெடல் மாட்டும் கிராங்க் கம்பி கெண்டைக்காலில் இடிக்கும், முழு பேண்ட் போடவேண்டும். ஐந்து வாரம் கழித்துப் பெடலை மாட்டினோம். அன்று சாயங்காலமே ஓட்டிவிட்டாள்.

பிரேக்குக்குத்தான் அதிக நாள் ஆனது. லீவர் அவள் விரலுக்கு எட்டவே இல்லை. மெக்கானிக் தம்பி லீவரில் இருந்த குட்டி ஸ்க்ரூவைத் திருகிக் கைப்பிடிக்குப் பக்கமாகக் கொண்டுவந்தார். இந்த ஸ்க்ரூ இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். பிறகு தினமும் ஒரு விளையாட்டு: நான் கை தட்டினால், இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து, கால் ஊன்றாமல் நிறுத்தவேண்டும். இது சரியாக வரும்வரை மெயின் ரோடு பக்கமே விடவில்லை.

ஹெல்மெட் புருவத்துக்கு இரண்டு விரல்கடை மேலே இருக்கவேண்டும். தொப்பி மாதிரிப் பின்னால் தள்ளிப் போட்டால் நெற்றிக்குக் காப்பே இல்லை. ஒருமுறை கீழே விழுந்து தலை இடித்ததும் வேறு வாங்கினேன். வெளியே விரிசல் தெரியாவிட்டாலும் உள்ளே இருக்கும் தெர்மாகோல் நசுங்கியிருக்கலாம்.

இப்போது அவளுக்கு ஏழு வயது, 20 இஞ்ச் ஓட்டுகிறாள். பின்னால் கேரியர் வைக்கவில்லை. அவள் தம்பி ஏறி உட்கார்ந்து காலை ஆரக்கம்பிக்குள் விட்டுவிடுவான் என்ற பயம். அவன்தான் இப்போது பழைய 14-ல் தெருவை அளக்கிறான். பெடல் இரண்டும் துணிப்பையில், ஸ்பேனரோடு ஷெல்ஃபில் இருக்கின்றன.