ஸ்னோரன்ட்டை எதுவாக வளர்ப்பது: கிளேலியா, ஃப்ராஸ்லாஸா?

போக்கிமான் வீடியோ கேமில் ஸ்னோரன்ட் என்ற ஐஸ் வகைப் போக்கிமான் ஆணாகக் கிடைத்தால் யோசிக்க ஒன்றுமில்லை. 42-ஆம் லெவலில் அது கிளேலி ஆகும், வேறு வழியே கிடையாது. பெண் ஸ்னோரன்ட் என்றால்தான் இரண்டு பாதை. டான் ஸ்டோன் என்ற உருமாற்றக் கல்லைக் கொடுத்தால் எந்த லெவலிலும் ஃப்ராஸ்லாஸ். கல்லைக் கொடுக்காமல் விட்டால் 42-இல் அதுவும் கிளேலிதான். பலர் கோட்டை விடுவது இங்கேதான். கல் பிறகு கிடைக்கும் என்று சண்டைக்கு அனுப்பிக்கொண்டே இருப்பார்கள்; ஒருநாள் 42 தொட்டு உருமாறிவிடும். திரும்பப் பெற முடியாது. கல் கைக்கு வரும்வரை உருமாற்றத்தைத் தடுக்கும் எவர்ஸ்டோனைப் பிடிக்கக் கொடுத்துவிடுங்கள், அல்லது உருமாற்றம் தொடங்கியதும் பி பட்டனை அழுத்தி நிறுத்துங்கள். ஆண் கிர்லியா என்ற இன்னொரு போக்கிமானைக் கல்லேடாக மாற்றுவதும் இதே கல்தான் என்பதால், ஒன்றுதான் இருக்கிறது என்றால் யாருக்கு என்பதையும் முன்பே முடிவு செய்வது நல்லது.

ஹெச்பி (உயிர்ப்புள்ளி), இரண்டு தாக்குதல், இரண்டு தற்காப்பு (நேரடி, ஸ்பெஷல் என), வேகம் என்ற ஆறு திறன்களின் மொத்த அடிப்படைப் புள்ளி இரண்டுக்கும் 480. ஆனால் அதைப் பங்கிட்டிருக்கும் விதத்தில்தான் வேறுபாடு. கிளேலிக்கு ஆறிலும் 80. ஃப்ராஸ்லாஸுக்கு ஹெச்பியும் இரண்டு தற்காப்பும் 70, இரண்டு தாக்குதலும் 80, வேகம் 110. அதாவது தாக்குதலில் துளியும் இழக்காமல், தற்காப்பில் பத்துப் பத்தாகக் கொடுத்து வேகத்தை வாங்கியிருக்கிறது. இது மிக நல்ல பேரம். ஏனென்றால் ஐஸ் டைப் அடி வாங்க ஏற்றதல்ல: ஐஸைத் தவிர எதையும் தாங்காது, ஃபயர், ஃபைட்டிங், ராக், ஸ்டீல் டைப் (வகை) தாக்குதல்கள் நான்கும் இரட்டிப்பாக விழும். 80 தற்காப்பால் பெரிதாகக் காப்பாற்ற முடியாது. முந்திக்கொண்டு அடித்தால்தான் பிழைப்பு.

கணக்கில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். 50-ஆம் லெவலில், வேகத்துக்கு 252 இவியும் (பயிற்சிப் புள்ளி) வேகத்தை ஏற்றும் டிமிட் நேச்சரும் (குணம்) கொடுத்தால் ஃப்ராஸ்லாஸ் 178, கிளேலி 145. எதிரில் முழு வேகத்தில் வரும், டிராகன், கிரவுண்ட் டைப்பான கார்சோம்ப் 169. ஃப்ராஸ்லாஸ் முந்துகிறது, ஸ்பெஷல் அட்டாக்குக்கும் 252 கொடுத்திருந்தால், அதன் ஐஸ் பீம் நான்கு மடங்காக விழுந்து, மிகக் குறைந்த கணக்கிலும் 250-க்கு மேல் சேதம் செய்யும். தற்காப்பில் எதுவும் போடாத கார்சோம்புக்கு இருப்பதோ 183 ஹெச்பி. கிளேலி அதே அடியைக் கொடுக்கும், ஆனால் இரண்டாவதாக. டிராகனைட் என்ற இன்னொரு டிராகன் டைப்பின் அடிப்படை வேகமும் 80 என்பதால் அங்கே யார் முதலில் என்பது குருட்டு அதிர்ஷ்டம். முந்தினாலும், முழு ஹெச்பியில் விழும் அடியைப் பாதியாக்கும் மல்டிஸ்கேல் அபிலிட்டி (பிறவித் திறன்) உள்ள டிராகனைட் அந்த ஒரு ஐஸ் பீமைத் தாங்கி நின்றுவிடும்.

வேகத்துக்கு அடுத்தது, ஃப்ராஸ்லாஸுக்கு ஐஸோடு சேர்ந்திருக்கும் கோஸ்ட் டைப். நார்மலும் ஃபைட்டிங்கும் ஃப்ராஸ்லாஸைத் தொடாது. ஐஸ் டைப்பைப் பயமுறுத்தும், முந்தி விழும் ஃபைட்டிங் மூவான (தாக்குதல்) மாக் பஞ்ச் இங்கே செல்லாது. தரையில் போட்ட பொறிகளை அகற்றும் நார்மல் மூவான ரேபிட் ஸ்பின்னை எதிரி சுழற்றினால் பலிக்காது, போட்ட ஸ்பைக்ஸ் (உள்ளே வரும் எதிரியைக் குத்தும் முட்கள்) அப்படியே இருக்கும். பதிலுக்கு கோஸ்ட், டார்க் என்று இரண்டு புதிய பலவீனங்கள் வருகின்றன. பொறிகளை அகற்றும் இன்னொரு மூவான டிஃபாக்கையும் தடுக்க முடியாது.

ஃப்ராஸ்லாஸின் உண்மையான வேலை முதல் ஆளாக இறங்குவது. கையில் ஃபோகஸ் சாஷ் (முழு ஹெச்பியில் இருக்கும்போது ஒரே அடியில் விழாமல் 1 ஹெச்பியில் நிறுத்தும் பொருள்); மூவ்களாக ஸ்பைக்ஸ், டாண்ட் (எதிரியின் தாக்காத மூவ்களைத் தடுப்பது), டெஸ்டினி பாண்ட், நான்காவதாக ஐஸ் பீம் அல்லது ஐசி விண்ட். எதிரில் நிற்பது ஸ்டெல்த் ராக் என்ற பொறியைப் போடும் மந்தமான ஆள் என்றால் முதலில் டாண்ட். இல்லையென்றால் நேராக ஸ்பைக்ஸ். ஒரு அடுக்குக்கு எட்டில் ஒரு பங்கு, இரண்டுக்கு ஆறில் ஒரு பங்கு, மூன்றுக்கு கால் பங்கு ஹெச்பி போகும். பலமான அடி விழுந்து சாஷால் 1 ஹெச்பியில் நின்றதும் டெஸ்டினி பாண்ட். இப்போது அடித்து வீழ்த்துகிறவரும் கூடவே விழுவார்.

இது எங்கே கெடும்? டெஸ்டினி பாண்ட் போடுவதற்கு முன்பே வந்துவிடும் புல்லட் பஞ்ச், ஷாடோ ஸ்னீக், ஐஸ் ஷார்ட் ஆகியவற்றால். சக்கர் பஞ்சுக்கு அஞ்ச வேண்டாம்; நாம் தாக்கும் மூவைத் தேர்ந்தெடுத்தால்தான் அது வேலை செய்யும், டெஸ்டினி பாண்ட் தாக்கும் மூவ் அல்ல. ஒரே மூவில் பலமுறை அடிக்கும் புல்லட் சீட் போன்றவை முதல் அடியிலேயே சாஷைப் பயனற்றதாக்கி, அடுத்தடுத்த அடிகளில் உயிரையும் வாங்கிவிடலாம். மணற்புயலில் ஒரு திருப்பம் (ஆட்டத்தின் ஒரு சுற்று) கழிந்தாலே ஹெச்பி சற்றுக் குறைந்து சாஷ் வீணாகும். மேஜிக் பவுன்ஸ் இருக்கும் ஹேட்டரீன் எதிரில் நின்றால் ஸ்பைக்ஸ் நம் பக்கமே திரும்பி விழும். கேம்களின் ஏழாம் தலைமுறை முதல், பலித்த டெஸ்டினி பாண்டை அடுத்த திருப்பத்திலும் தொடர்ந்து போட்டால் பலிக்காது. பழைய ஆட்டத்தில் பழகியவர்கள் இதில் அடிக்கடி ஏமாறுகிறார்கள்.

அபிலிட்டியில், பனியில் மட்டும் உதவும் ஸ்னோ க்ளோக்கைவிட கர்ஸ்டு பாடியே மேல். நம்மை அடித்த மூவை 30 சதவீத வாய்ப்பில் முடக்கும். ஒரே மூவில் பூட்டிவிடும் சாய்ஸ் பேண்ட் கட்டிய எதிரி அதில் சிக்கினால், வேறு மூவ் இல்லாதபோது வரும் ஸ்ட்ரகிள்தான் மிச்சம். மறை அபிலிட்டியான மூடி உள்ள பெண் ஸ்னோரன்ட்டைக் கல்லால் மாற்றினால் கர்ஸ்டு பாடி வரும்.

அப்படியானால் கிளேலி எதற்கு? இரண்டு இடங்களில் அதற்கு நிகர் அதுவே. ஒன்று அந்த மூடி அபிலிட்டி. ஒவ்வொரு திருப்பமும் முடியும்போது ஒரு ஸ்டாட் (திறன் அளவு) இரண்டு படி ஏறும், இன்னொன்று ஒரு படி இறங்கும். சப்ஸ்டிட்யூட் (ஹெச்பி கொடுத்து வைக்கும் பதிலி பொம்மை), ப்ரொடெக்ட் (ஒரு திருப்பத்துக்குக் காப்பு) மாறி மாறிப் போட்டு, திருப்பத்துக்குத் திருப்பம் கொஞ்சம் ஹெச்பி தரும் லெஃப்ட்ஓவர்ஸால் ஹெச்பியை ஈடுகட்டி, ஏற்றம் சேர்ந்த பிறகு ஃப்ரீஸ்-ட்ரை என்ற ஐஸ் மூவால் அடிப்பது வழி. அது வாட்டர் டைப்பையும் இரட்டிப்பாகத் தாக்கும். எட்டாம் தலைமுறை முதல் எவேஷனும் (அடியிலிருந்து தப்பும் வாய்ப்பு) அக்யுரசியும் (குறி தவறாமை) இந்த ஏற்றத்தில் சேராது என்பதால் பழைய கொடூரம் இப்போது இல்லை.

இரண்டாவது, 2014-இல் ஒமேகா ரூபி, ஆல்ஃபா சஃபையர் கேம்களில் வந்த மெகா கிளேலி, அதாவது சண்டையின்போது மட்டும் எடுக்கும் வலுவான வடிவம். இரண்டு தாக்குதலும் 120, வேகம் 100, அபிலிட்டி ரெஃப்ரிஜரேட். நார்மல் மூவ்கள் ஐஸாக மாறுவதால், தன்னையே வீழ்த்திக்கொண்டு வெடிக்கும் 250 வலுவுள்ள எக்ஸ்ப்ளோஷன் ஆறாம் தலைமுறையில் 1.3 மடங்கும், டைப் ஒற்றுமைக்கு 1.5 மடங்கும் பெற்று 487.5 ஆகிறது; ஏழாம் தலைமுறையில் அந்த 1.3 மடங்கு 1.2 ஆனதால் 450. கோஸ்ட் டைப்பும் தப்பாது. ஆனால் ஆறாம் தலைமுறையில் மெகா ஆகும் திருப்பத்தில் பழைய 80 வேகம்தான் கணக்கு, ஆகவே அந்தத் திருப்பத்தில் ப்ரொடெக்ட் போட்டு மாறுங்கள். எதிரி ப்ரொடெக்ட் போட்ட நேரத்தில் வெடித்தால் அணியின் ஒரே மெகாவும் வீணாகப் போகும்.

2025-இல் வந்த லெஜெண்ட்ஸ் இசட்-ஏ கேமில் ஃப்ராஸ்லாஸுக்கும் மெகா வடிவம் கிடைத்துவிட்டது. ஸ்கார்லெட், வயலெட் கேம்களில் மெகாவே கிடையாது. அங்கே பெண் ஸ்னோரன்ட்டைக் கிளேலியாக விட மூடியைத் தவிர ஒரு காரணமும் இல்லை. ஸ்பைக்ஸும் அங்கே டிஎம்மாகவே (மூவைக் கற்பிக்கும் பொருள்) இருப்பதால் பெற்றோரிடமிருந்து முட்டை வழியாகக் கடத்த வேண்டியதில்லை. கல்லை எடுத்துக் கொடுத்துவிடலாம்.