ஹாம்பர்க்கிலிருந்து 38 நிமிடம், சென்னையிலிருந்து நான்கு நாள்

சென்ற வாரம் ஈரோட்டு நண்பர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். துண்டு, விரிப்பு ஏற்றுமதியில் இப்போதுதான் இறங்கியிருக்கிறார். "பணம் அனுப்பி மூன்று நாளாகிறது என்று பையர் சொல்கிறார். வங்கியில் கேட்டால் ஒன்றும் வரவில்லை என்கிறார்கள். யார் சொல்வதை நம்புவது அண்ணா?" என்றார். இரண்டு இரவு தூங்காத குரல்.

"இருவரிடமும் வாதாட வேண்டாம். பணம் போகும் வழியைப் பின்தொடர உதவும் யுஇடிஆர் எண்ணைப் பையரிடம் கேட்டு வாங்குங்கள்" என்றேன். அன்று மாலையே பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்பது தெரிந்துவிட்டது. மறுபடி அழைத்து, "அவ்வளவு நம்பலாமா இதை?" என்று கேட்டார். ஆம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைக்க எனக்கு மனம் வரவில்லை. போன மாதம் எங்களுக்கு நடந்தது அப்படி. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கரூரில் படுக்கை விரிப்பு, சமையலறைத் துண்டு, மேசை விரிப்பு ஏற்றுமதி செய்யும் நடுத்தர நிறுவனம் ஒன்றில் 2007 முதல் கணக்குப் பார்க்கிறேன். ஜெர்மனி, நெதர்லாந்து, அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வரும் பணம் அத்தனையும் என் மேசையைத் தாண்டித்தான் போகும்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பையர் அனுப்பும் ஸ்விஃப்ட் காப்பி ஒன்றுதான் ஆதாரம். வங்கிகள் ஒன்றுக்கொன்று பணச் செய்தி அனுப்பும் உலக வலையமைப்பான ஸ்விஃப்ட்டில் போகும் எம்டி 103 என்ற செய்தியின் நகல் அது. 20 என்ற எண்ணுக்கு எதிரே அனுப்பிய வங்கியின் குறிப்பெண் இருக்கும். 32ஏ என்ற இடத்தில் தேதியும் தொகையும், 59-இல் எங்கள் பெயரும் கணக்கு எண்ணும், 70-இல் இன்வாய்ஸ் எண்ணும் இருக்கும். பணம் அங்கிருந்து கிளம்பிவிட்டது என்பதற்கு மேல் அந்தத் தாளால் எதுவும் சொல்ல முடியாது. வழியிலுள்ள ஒவ்வொரு வங்கியும் தனக்கென்று ஒரு குறிப்பெண்ணைப் போட்டுக்கொள்ளும். முதல் வங்கியின் எண்ணைக் கொண்டுபோய் மூன்றாவது வங்கியில் கேட்டால் தெரியாது என்றுதான் பதில் வரும். விசாரிக்க வேண்டுமானால் எங்கள் வங்கி எம்டி 199 என்ற செய்தியை அனுப்ப வேண்டும். அதற்குத் தனிக் கட்டணம். பதில் வருவதற்குள் பெரும்பாலும் பணமே வந்து சேர்ந்திருக்கும்.

2017-இல் ஸ்விஃப்ட் ஜிபிஐ என்ற கண்காணிப்பு ஏற்பாட்டைத் தொடங்கியது. 2018 நவம்பரில் யுஇடிஆர் எண் கட்டாயமானது. புறப்படும் வங்கி போடும் அந்த எண்ணை வழியில் யாரும் மாற்றக் கூடாது. நான்கு வங்கி கைமாறினாலும் அதே எண். கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தோன்றும். வெளிநாட்டுப் பணத்துக்காக இராத்திரி விழித்திருந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அந்த எண்ணை நான் இப்போது கண்ணாலேயே சரிபார்ப்பேன். மொத்தம் 36 இடம். எட்டு, நான்கு, நான்கு, நான்கு, பன்னிரண்டு என்று ஐந்து தொகுதிகள், நடுவில் நான்கு சிறு கோடுகள். மூன்றாவது தொகுதி எப்போதும் 4 என்ற இலக்கத்தில்தான் தொடங்கும். நான்காவது தொகுதியின் முதல் இடத்தில் 8, 9, ஏ, பி இவற்றில் ஒன்றுதான் வரும். எழுத்துகள் ஏ முதல் எஃப் வரைதான். ஆகவே பையர் கைப்பட எழுதி அனுப்பியதில் ஓ என்ற எழுத்து இருந்தால் அது பூஜ்யம், எல் என்ற எழுத்து இருந்தால் அது ஒன்று. இதை ஒரு தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். தவறான எண்ணை வங்கிக்கு அனுப்பிவிட்டு, அப்படி ஒரு பணமே இல்லை என்ற பதிலைக் கேட்டுப் பதறிய நாள்கள் இதனால் குறைந்தன.

பிடித்தம் விஷயத்திலும் இது எங்களுக்குப் பெரிய துணை. 8,450 டாலர் இன்வாய்ஸுக்கு 8,425 வந்து சேரும். முன்பு அந்த 25 டாலரை யார் எடுத்தார்கள் என்பதே தெரியாது. எல்லாக் கட்டணமும் தன்னுடையது என்று பையர் சத்தியம் செய்வார். தாங்கள் ஒரு காசும் பிடிக்கவில்லை என்று வங்கியில் சொல்வார்கள். ஏற்றுமதிப் பணம் வந்ததா என்று பார்க்கும் ரிசர்வ் வங்கியின் இடிபிஎம்எஸ் கணக்கில், சுங்கத்துறைக்குத் தரும் ஏற்றுமதிப் பத்திரமான ஷிப்பிங் பில்லை முடித்துவைக்க அந்த 25 டாலருக்கும் விளக்கம் எழுத வேண்டும். இப்போது எந்த வங்கி எவ்வளவு பிடித்தது என்பது வழித்தடத்தோடு சேர்ந்தே வருகிறது. ஓயுஆர் (கட்டணம் முழுவதும் அனுப்புபவருடையது) என்று வாய் வார்த்தையாகச் சொல்லிவிட்டு எஸ்ஹெச்ஏ (கட்டணத்தை இருவரும் பகிர்வது) என்று குறித்து அனுப்பிய அமெரிக்கப் பையர் ஒருவருக்கு அந்தப் பக்கத்தையே திருப்பி அனுப்பினேன். அடுத்த தடவையிலிருந்து முழுத்தொகை வருகிறது.

அடுத்தது, வங்கிச் செய்திகளை எழுதும் புதிய வடிவமான ஐஎஸ்ஓ 20022. தரநிலை என்ற அளவில் அது 2004-லேயே வந்துவிட்டது. நாடு விட்டு நாடு போகும் பணத்துக்கு ஸ்விஃப்ட்டில் அது 2023 மார்ச் 20 அன்று நுழைந்தது. 2025 நவம்பர் 22 வரை பழைய முறையும் புதிய முறையும் சேர்ந்தே ஓடின. எம்டி 103 இருந்த இடத்தில் இப்போது பாக்ஸ் 008 (pacs.008) என்ற செய்தி. பழைய செய்தியில் விவரம் எழுத வரிக்கு 35 எழுத்து, நான்கு வரி, மொத்தம் 140 எழுத்து. புதியதில் இன்வாய்ஸ் எண், தேதி, தொகை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அறை உண்டு. ஊர் பெயருக்கு ஓர் அறை, நாட்டுக்கு ஓர் அறை.

இரண்டும் சேர்ந்து ஓடிய அந்த இரண்டரை ஆண்டுகள் எனக்கு நல்ல காலம் இல்லை. புது முறையில் புறப்பட்ட செய்தி, பழைய முறையிலேயே இருந்த வங்கிக்காக வழியில் மாற்றி எழுதப்படும். இடம் போதாவிட்டால் வால் வெட்டப்படும். வெட்டிய இடத்தில் ஒரு கூட்டல் குறி நிற்கும். நான்கு இன்வாய்ஸுக்குச் சேர்த்து அனுப்பிய பணத்தில் இரண்டு எண்ணும் ஒரு கூட்டல் குறியும் மட்டும் வந்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. மீதி இரண்டு எவை என்று கேட்டுப் பையருக்குக் கடிதம் எழுதினேன். எல்லாவற்றையும் முறையாக எழுதித்தான் அனுப்பியிருக்கிறோம் என்று கோபமாகப் பதில் வந்தது. அவர் பக்கம் நியாயம் இருந்தது. முழு மாற்றம் வந்தால் இது தீரும் என்று பொறுத்துக்கொண்டேன்.

முழு மாற்றமும் வந்துவிட்டது. இனி போன மாதக் கதை.

வியாழக்கிழமை. ஹாம்பர்க் பையர் மூன்று இன்வாய்ஸுக்காக 18,460 யூரோ அனுப்பினார். அங்கே காலை 10.06, நமக்குப் பிற்பகல் 2.36. ஃபிராங்க்ஃபர்ட்டில் எங்கள் வங்கி யூரோ கணக்கு வைத்திருக்கும் வங்கிக்குப் போய், அங்கிருந்து எங்கள் வங்கியின் சென்னை மையப் பிரிவுக்குச் செய்தி வந்தபோது மணி 3.14. முப்பத்தெட்டு நிமிடம். கண்டம் விட்டுக் கண்டம், மூன்று வங்கி, ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. 2007-இல் இதை யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

அதன் பிறகு அசைவில்லை. எங்கள் வங்கியின் இணையதளத்தில் 'பரிசீலனையில்' என்ற ஒற்றைச் சொல்தான் இருந்தது. வெள்ளிக்கிழமை காலை கிளையில் கேட்டால் சென்னையைக் கேளுங்கள் என்றார்கள். சென்னையில் தொலைபேசியை எடுக்கவில்லை. வேறு வழியின்றி ஹாம்பர்க் பையருக்கே எழுதினேன். அவர் தம் வங்கியின் திரையைப் படமெடுத்து அனுப்பினார். அதில், பணம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது என்பதைக் குறிக்கும் ஏசிஎஸ்பி என்ற நிலையும் அதன்கீழ் ஜி003 என்ற குறியீடும் இருந்தன. பணம் பெறுபவரிடமிருந்து ஆவணங்களுக்காகக் காத்திருக்கிறது என்று அதற்குப் பொருள். பெறுபவர் நாங்கள். என்னிடம் ஆவணம் வேண்டும் என்பதை எங்கள் சொந்த வங்கி உலக வலையமைப்புக்கு அறிவித்திருக்கிறது, கரூரில் இருக்கும் எனக்கு அறிவிக்கவில்லை.

என்ன ஆவணம் என்று பார்த்தால், எந்த இன்வாய்ஸுக்கான பணம், நோக்கக் குறியீடு என்ன என்று முத்திரையிட்டுத் தரும் கடிதம். அனுப்பிய சரக்குக்கான பணத்துக்கு பி0102. ஐந்து ஆண்டுகளாக அதே பையர், அதே குறியீடு. ஷிப்பிங் பில் விவரம் அவர்கள் கையிலேயே இருக்கிறது. மூன்று இன்வாய்ஸ் எண்களும் பாக்ஸ் 008 செய்தியில் தத்தம் அறையில் சுத்தமாக உட்கார்ந்திருக்கின்றன. அந்த அறைகளை எங்கள் வங்கியில் யாரும் திறந்து பார்க்கவில்லை. எல்லாவற்றையும் பழையபடி ஒரே வரியாக நசுக்கி ஒரு திரையில் காட்டுகிறார்கள். அதைப் பார்த்து ஓர் அலுவலர் என்னிடம் கடிதம் கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதும் நடக்கவில்லை.

வெள்ளி நண்பகலுக்குள் கடிதத்தை அனுப்பிவிட்டேன். மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. எங்கள் தொழிலில் சனிக்கிழமைதான் வாரக்கூலி. தறிக்காரர்கள், தையல் பெண்கள், மடித்துக் கட்டுபவர்கள் எல்லோரும் மாலை ஐந்து மணிக்கு வந்து நிற்பார்கள். பணம் சென்னையில் இருக்கிறது என்று அவர்களிடம் சொல்ல முடியுமா? முதலாளி ஓவர்டிராஃப்டிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நம் பணம் வங்கியில் கிடக்க, அதே வங்கியிடம் வட்டிக்கு வாங்கிக் கூலி கொடுத்தோம். அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். அந்நியச் செலாவணிச் சட்டப்படி நோக்கம் கேட்பது வங்கியின் கடமை. அந்த அலுவலர்கள் மேசையிலும் ஆள் பற்றாக்குறை இருக்கலாம். குறை ஸ்விஃப்ட்டிலும் இல்லை. பத்தில் ஒன்பது பணம் ஒரு மணி நேரத்துக்குள் சேரும் நாட்டின் வங்கியை எட்டிவிடுகிறது என்று ஸ்விஃப்ட் சொல்வதை என் கணக்குப் புத்தகமும் ஒப்புக்கொள்கிறது. 2027 முடிவதற்குள் நான்கில் மூன்று பங்குப் பணம் ஒரு மணி நேரத்தில் பெறுபவர் கைக்கே போய்ச் சேர வேண்டும் என்று ஜி20 நாடுகள் இலக்கு வைத்திருக்கின்றன. வங்கி வாசல் வரை அந்த இலக்கு எட்டக்கூடியதுதான். வாசலிலிருந்து கணக்கு வரையுள்ள தூரம்தான் என் கவலை.

புதிதாக இறங்குபவர்களுக்கு இன்னொன்று. 2026 நவம்பருக்குப் பிறகு, முகவரியைப் பிரிக்காமல் வெறும் வரிகளாக எழுதிய செய்திகளை ஏற்கப்போவதில்லை என்று ஸ்விஃப்ட் அறிவித்திருக்கிறது. ஊர், நாடு இரண்டையும் அவற்றுக்குரிய அறையில் எழுதியே ஆக வேண்டும். பையர்களின் பதிவேட்டில் உங்கள் முகவரி எப்படி இருக்கிறது என்று இப்போதே கேளுங்கள். எங்கள் பழைய பையர் ஒருவரிடம் கதவு எண், தெரு, ஊர், பின்கோடு அத்தனையும் ஒரே வரியில் கிடந்தன. திருத்தச் சொல்லி எல்லோருக்கும் எழுதிவிட்டேன்.

நண்பருக்கு என் முடிவு இதுதான். யுஇடிஆர் இல்லாமல் எந்தப் பையரின் சொல்லையும் ஏற்காதீர்கள். அந்த எண்ணை வைத்து யாருக்கும் பணம் தருவதாகத் தேதி மட்டும் சொல்லிவிடாதீர்கள். வெளிநாட்டுப் பணம் முன்பைவிட வேகமாகக் கைக்கு வருகிறதா என்று கேட்டால், மேலே இத்தனை புகழ்ந்த பிறகும், இன்றைக்கு என் பதில் இல்லை என்பதுதான்.

அந்த 18,460 யூரோ திங்கட்கிழமை காலை 11.40-க்கு வரவு வைக்கப்பட்டது. அதை எனக்குச் சொன்னது எங்கள் வங்கியின் குறுஞ்செய்தி இல்லை, அது பிற்பகல்தான் வந்தது. காலை உணவு முடித்து அலுவலகம் வந்த ஹாம்பர்க் பையர், தம் திரையில் நிலை மாறியிருப்பதைப் பார்த்துவிட்டு, உங்கள் கணக்கில் பணம் சேர்ந்துவிட்டது, இனி நிம்மதியாக இருங்கள் என்று எழுதியிருந்தார்.