மைனரின் பின்விளக்கு: பழைய பல்பா, எல்இடியா? எந்த சுவிட்ச்?

பினாங்கில் பழைய மோரிஸ் மைனர் கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் பின்விளக்கில் வந்து நிற்கும். "எல்இடி போட்டுடுங்கண்ணே, தொல்லை விட்டுச்சு" என்பது ஒரு கட்சி. ஒரிஜினல் பல்பைத் தொடவே கூடாது என்பது இன்னொன்று. என் ஓட்டு பழைய பல்புக்கு. பிரேக் சுவிட்சில் மட்டும் பழசுக்கு ஓட்டில்லை.

பழைய பல்பில் இரண்டு இழைகள்: பின்விளக்குக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். பிரேக் மிதித்தால் இரு பக்கமும் சேர்த்து 42 வாட், அதாவது 12 வோல்ட்டில் மூன்றரை ஆம்பியர். அவ்வளவு கரண்டும் பாடி இரும்பு வழியாக பேட்டரிக்குத் திரும்பிப் போக நல்ல இணைப்பு, அதாவது எர்த், வேண்டும். கடலோரக் காற்று முதலில் தின்பது அதைத்தான். விளக்குக் கூடு பாடியில் உட்காரும் இடம் துருவேறிப் போகும். அப்புறம் கரண்ட் பக்கத்து இழை வழியாகக் குறுக்குவழி தேடும். பிரேக்கை மிதித்தால் பின்விளக்கு மங்குவதும், சிக்னலோடு சேர்ந்து துடிப்பதும் இதனால்தான். ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி, விளக்குக் கூட்டுக்கும் பேட்டரியின் எர்த் முனைக்கும் நடுவே மீட்டர் வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டைத் தாண்டினால் பல்பைக் குறை சொல்லாதீர்கள். கூட்டிலிருந்து சுரண்டிய பாடி இரும்புக்குத் தனியாக ஒரு வயர் இழுத்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது.

எல்இடிக்குச் சாதகமும் உண்டு. சில வாட்தான் இழுக்கும், கூடு சூடாகாது, இழை பல்பைவிடச் சட்டென்று எரியும். ஆனால் அந்தக் குறைந்த கரண்ட்டே கெட்ட எர்த்தை மூடி மறைத்துவிடும். நோய் அப்படியே உள்ளே இருக்கும். மைனர் பாசிட்டிவ் எர்த் வண்டி, அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்திருக்கும். அதை மாற்றாமல் வைத்திருந்தால் சாதாரண எல்இடி எரியவே எரியாது. இரு துருவத்துக்கும் ஒத்துவரும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். சிவப்புக் கண்ணாடிக்குள் வெள்ளை எல்இடி போட்டால் வெளிறித் தெரியும், சிவப்பே போடுங்கள். மலிவான சிலவற்றில் பின்விளக்குக்கும் பிரேக்குக்கும் வித்தியாசமே தெரிவதில்லை. பின்னால் வரும் மோட்டார்சைக்கிள்காரருக்கு அதுதான் ஆபத்து.

இனி சுவிட்ச். விளக்கு எரியவே இல்லையென்றால் இக்னிஷனைப் போட்டு, சுவிட்சின் இரண்டு வயரையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். எரிந்தால் செத்தது சுவிட்ச்தான். மைனரில் இருப்பது பிரேக் எண்ணெயின் அழுத்தத்தில் வேலை செய்யும் ஹைட்ராலிக் சுவிட்ச். தேய்ந்தால், ஓங்கி மிதித்தால்தான் எரியும். பாலிக் புலாவ் மலை வளைவுகளில் மிதியை லேசாகத் தொட்டுத் தொட்டு இறங்கும்போது பின்னால் வருகிறவருக்கு ஒன்றும் தெரியாது. புதுசு மாட்டினாலும் கையோடு பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டிவரும்.

மிதியோரம் பொருத்தும் மெக்கானிக்கல் சுவிட்சுக்கு எண்ணெயைத் தொட வேண்டாம். கால் பட்டதும் எரியும். சின்ன தகடு ஒன்று வளைத்து, துளை போட்டு மாட்ட வேண்டும், அவ்வளவுதான். கூடவே ஒரு ரிலே (சின்ன கரண்ட்டால் பெரிய கரண்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) சேர்த்தால் மூன்றரை ஆம்பியரும் அதன் வழியே போகும், சுவிட்சின் முனைகள் கருகாது. இடைவெளி சரியாக அமையாவிட்டால் காலை எடுத்த பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும்; மாட்டிய அன்றைக்கே இரவில் வண்டியைச் சுவரோரம் நிறுத்தி, மிதியை விட்டுப் பாருங்கள்.